பலூன் கடையும் பத்து மீட்டரும்: கைத்துப்பாக்கிச் சுடுதலில் ஒருவருக்கு ஆர்வம் வருவது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகள் பாரிஸில் அல்லாமல், அதற்குத் தெற்கே உள்ள ஷாத்தோரூ என்ற ஊரில் நடைபெற்றன. அங்கே ஜூலை 28 அன்று மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து, சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவிலும் வெண்கலம் வென்றார். அதே கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுஃப் டிகெச், சாதாரண மூக்குக் கண்ணாடியுடன், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி சுட்ட படம் உலகம் முழுவதும் சுற்றி வந்தது. மனு வெண்கலம் பெற்ற போட்டியில் வெள்ளி வென்ற தென்கொரியாவின் கிம் யேஜியும் அப்படியே பேசப்பட்டார்.

அந்தப் படங்களைத் தொடர்ந்து பல வீடுகளில் ஒரே விதமான கேள்விகள் எழுந்தன. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள இந்தியாவில் உரிமம் வேண்டாமா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைக் கையில் எடுப்பது சட்டப்படி சரியா? ஒரு மனிதருக்கு ஏன் துப்பாக்கி மேல் ஆசை வர வேண்டும்? இக்கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

முதலில், எது துப்பாக்கி?

பேச்சில் எல்லாவற்றையும் துப்பாக்கி என்றே சொல்லிவிடுகிறோம். விளையாட்டிலும் சட்டத்திலும் அவை வெவ்வேறு பொருள்கள்.

1. ஏர் பிஸ்டல்: இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட்டின் எடை ஏறத்தாழ அரை கிராம். அதன் முனை தட்டையாக இருப்பதால் அட்டையைக் கிழிக்காமல், காகிதத்தில் பஞ்ச் செய்தாற்போல் வட்டமாகத் துளையிடும். சுடும் தொலைவு 10 மீட்டர்.

2. .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல்: இது வெடிமருந்துத் தோட்டாவால் இயங்கும் உண்மையான சுடுபடைக்கலம். .22 என்பது குழலின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் அளவு. 25 மீட்டர் போட்டிகளில் பயன்படுவது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிரிவில், ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடியிலும், பிறகு 6, பிறகு 4 விநாடியிலும் சுட்டு முடிக்க வேண்டும்.

3. தற்காப்புக்கென்று உரிமம் பெற்று வாங்கப்படும் ரிவால்வர், பிஸ்டல்கள்: இவற்றுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. .32 அளவுள்ளவை இந்தியாவில் பொதுமக்களுக்கு உரிமத்தின் பேரில் கிடைக்கும். 9 மில்லிமீட்டர் போன்றவை தடை செய்யப்பட்ட வகையில் அடங்கும்.

மனு பாக்கர் பாரிஸில் இரண்டு பதக்கங்களையும் வென்றது முதல் வகையில். செய்தியைப் படித்தவர்களில் பலர் மனத்தில் எண்ணியது மூன்றாம் வகையை. குழப்பத்தின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆசை நுழையும் வாசல்கள்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாழ்நாளில் முதன்முதலாகக் கையில் எடுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் மெரினா கடற்கரையிலோ, ஊர்த் திருவிழாவிலோ உள்ள பலூன் கடையில் இருப்பதுதான். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள். நடுவில் மடக்கி, பெல்லட்டைத் திணித்து, கடைக்காரரே நிமிர்த்திக் கொடுக்கும் பழைய ஏர் ரைஃபிள். தேய்ந்த குழலும் கோணிய குறியுமாக இருக்கும் அந்தத் துப்பாக்கியில், குறிபார்த்த பலூனுக்குப் பக்கத்துப் பலூன் வெடிப்பதும் உண்டு. ஆனாலும் பலூன் படீரென்று வெடிக்கும் கணத்தில், தொலைவில் இருக்கும் ஒன்றைத் தொடாமலே தொட்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சி சிறுவருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவில் வருகிறது. இந்த மகிழ்ச்சியில் குற்றம் காண ஒன்றுமில்லை. கல்லெறிந்து மாங்காய் அடிப்பதிலும், கோலி விளையாட்டிலும், கேரம் பலகையிலும் உள்ள அதே மகிழ்ச்சிதான் இது.

இரண்டாவது வாசல் என்.சி.சி. கல்லூரி முகாமில், தரையில் விரித்த விரிப்பின் மேல் குப்புறப் படுத்து .22 ரைஃபிளால் ஐந்து தோட்டாக்களைச் சுட்ட மாணவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருப்பார்கள். பயிற்சி தருபவர், நடுப்புள்ளியில் பட்டதா என்று முதலில் பார்ப்பதில்லை. ஐந்து துளைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்றுதான் பார்ப்பார். அதற்குக் குரூப்பிங் என்று பெயர். ஐந்தும் மூலையில் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அது நல்ல சுடுதல்; குறியைத் திருத்திவிட்டால் போதும். ஒன்று நடுவில் பட்டு, நான்கு நான்கு திசையில் சிதறியிருந்தால் நடுவில் பட்டது தற்செயல். ஒரே செயலை ஐந்து முறை ஒரே மாதிரி செய்ய முடிகிறதா என்பதே சோதனை என்று பலருக்கு முதலில் புரிவது இந்த இடத்தில்தான்.

மற்ற வாசல்களை விரைவாகக் கடந்துவிடலாம். ராணுவமும் காவல்துறையும் ஒரு வழி. 2004 ஏதென்ஸில், காற்றில் எறியப்படும் இரண்டு களிமண் தட்டுகளைச் சுடும் டபுள் ட்ராப் பிரிவில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ரத்தோரும் விஜய் குமாரும் ராணுவத்தினர். அரச குடும்பங்களின் வேட்டை மரபு இன்னொரு வழி. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில், தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுடும் ட்ராப் பிரிவில் சுட்டார். பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். திரை நட்சத்திரங்களின் ஈர்ப்பும் உண்டு. நடிகர் அஜித்குமார் 2022இல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் கலந்துகொண்டபோது திரண்ட கூட்டத்தில் பலர், திருச்சியில் அப்படியொரு கிளப் இருப்பதையே அன்றுதான் அறிந்திருப்பார்கள்.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம். தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. நான்கு ஆண்டு கழித்து லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர். அவரது பயிற்சி அமைப்பில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். அரண்மனையிலும் பட்டாளத்திலும் இருந்த ஆட்டம் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த கதை இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

கொண்டு வரும் ஆசை வேறு, தங்க வைக்கும் ஆசை வேறு

பலூனும் படமும் ஒருவரை ரேஞ்ச் வரை, அதாவது சுடும் பயிற்சிக் களம் வரை கொண்டு வரும். அங்கே தங்க வைப்பவை அவையல்ல. வந்தவர்களில் சிலரே தங்குவதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, சுடும் செயலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஏர் பிஸ்டல் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதைச் சுற்றி ஒவ்வொரு வட்டமும் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் விரிகிறது. வீரர் ஒரு கையால் மட்டுமே பிஸ்டலைப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை தொங்கினால் உடல் ஆடும் என்பதால்தான் அதைக் கால்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ செருகிக்கொள்கிறார்கள். டிகெச் மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். பிஸ்டலின் எடை ஒரு கிலோ அளவுக்கு இருக்கும். விதிப்படி ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. நீட்டிய கையில் ஒரு கிலோ அரிசிப் பையைப் பிடித்து நின்று பார்த்தால், பத்து விநாடிக்குள் நடுக்கம் தொடங்கிவிடும்.

பிஸ்டலின் மேல் இரண்டு குறிகள் உண்டு. குழல் முனையில் நிற்கும் சிறிய கறுப்புக் கட்டை முன்குறி. கைப்பக்கம் உள்ள பிளவு பின்குறி. பிளவின் நடுவே கட்டை நின்று, இருபுறமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. இரு குறிகளுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் அதைப்போல் ஏறத்தாழ 31 மடங்கு.

2. பிளவுக்குள் முன்குறி 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், பெல்லட் இலக்கில் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் விலகி விழும். கிடைப்பது ஏழு புள்ளி.

3. மாறாக, இரு குறிகளும் சரியாகப் பொருந்தியிருக்கும்போதே கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும். கிடைப்பது அப்போதும் பத்துப் புள்ளி.

கை நடுங்குவது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. குறிகள் பொருந்தாமல் போவதுதான் கெடுக்கிறது என்பது இதன் பொருள். மனிதக் கண்ணால் அருகிலும் தொலைவிலும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே தேர்ந்த வீரர் இலக்கைப் பார்ப்பதில்லை. முன்குறியைத்தான் கூர்ந்து பார்க்கிறார். இலக்கு அவருக்கு மங்கலான கறுப்புத் திட்டாக மட்டுமே தெரியும். கிம் யேஜியின் முகத்தில் இருந்த விசித்திரக் கண்ணாடி, பார்வைத் துளையைச் சுருக்கி இந்தத் தெளிவைக் கூட்டுவதற்கான கருவியே. எதை அடிக்க வேண்டுமோ அதைப் பார்க்காதே என்று பயிற்சியாளர் முதல் நாளில் சொல்லும்போது புதியவர் நம்புவதில்லை. நம்பாமல் பத்து முறை இலக்கைப் பார்த்துச் சுட்டு, பதினொன்றாவது முறை முன்குறியைப் பார்த்துச் சுட்டபின் நம்புகிறார்.

அடுத்தது விசை, அதாவது சுடுவதற்கு விரலால் அழுத்தும் ட்ரிகர். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை விரல் நுனியில் தூக்குவது போன்ற அழுத்தம் அது. இந்த அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குறி நடுவுக்கு வந்துவிட்டது, இப்போதே சுட்டுவிடலாம் என்று மனம் அவசரப்படும் கணத்தில் விரல் வெடுக்கென்று இழுக்கிறது. இழுப்பில் முன்குறி சாய்கிறது. எட்டுப் புள்ளி விழுகிறது. எட்டு விநாடி, பத்து விநாடி ஆகியும் விசை விடுபடவில்லை என்றால் கையைத் தாழ்த்திவிட்டு மீண்டும் தொடங்குவதே முறை. சுடாமல் கையை இறக்குவதற்குக் கற்றுக்கொள்ளப் பலருக்கு மாதங்கள் ஆகின்றன.

தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அதிகபட்சப் புள்ளி 600. 2018 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இந்த எண்ணிக்கை ஒன்றே. ஒவ்வொரு முறை சுட்டதும் திரையில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணுக்கு நடுவரோ எதிராளியோ ஆடுகளமோ காரணமல்ல. தன் அவசரமும் தன் பயமும் தன் கவனமும் உடனுக்குடன் எண்ணாக மாறி எதிரே நிற்பது வேறு விளையாட்டுகளில் அபூர்வம். அந்த எண்ணை எதிர்கொள்ளப் பிடிக்கிறவர் தங்குகிறார். வெடிச் சத்தத்துக்காகவும் வீரத் தோற்றத்துக்காகவும் வந்தவர் சில வாரங்களில் அலுத்துப் போகிறார். அந்த அலுப்பு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். துப்பாக்கி மேல் உள்ள மோகத்தை, சுடும் கலை மேல் உள்ள ஈடுபாட்டிலிருந்து பிரித்து எடுக்கும் சல்லடை அது.

மனு பாக்கரின் பாதையிலும் இதைக் காணலாம். ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக் கோரியா கிராமத்தில் பிறந்த அவர், குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங், மணிப்பூரின் தாங்-டா எனப் பலவற்றை முயன்ற பிறகு 14 வயதில் பிஸ்டலை எடுத்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் பிஸ்டல் நடுவே பழுதாகி, 12ஆம் இடத்தில் முடித்தார். பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவுடன் ஏற்பட்ட பிரிவு 2023இல் தீர்ந்து மீண்டும் பயிற்சி தொடங்கியது. துப்பாக்கி மீதான வெறும் கவர்ச்சி இத்தனையையும் தாண்டி வந்திருக்காது.

சட்டம் எந்த இடத்தில் கோடு போடுகிறது?

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இதை ஆள்கின்றன. சுருக்கமாகப் பார்த்தால்:

1. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூலுக்கு அருகில்தான். பள்ளிப் பிள்ளைகள் சட்டப்படி பழக முடிவது இதனால்.

2. .22 பிஸ்டல் தொடங்கி எல்லாச் சுடுபடைக்கலங்களுக்கும் உரிமம் கட்டாயம். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் பயிற்சிக்காகவும் போட்டிக்காகவும் நிபந்தனைகளுடன் பயன்படுத்த விதிவிலக்கு உண்டு. விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் நடக்கும்.

3. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுபடைக்கலங்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. திருமணத்திலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டமாகச் சுடுவதை இந்தத் திருத்தம், இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியது.

உரிமம் வேண்டாத ஏர் கன் என்பதால் அதைக் கொண்டு எதையும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கொக்கையும் மடையானையும் சுட்டு வீழ்த்துவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வலசை வரும் பறவைகளின் ஏரிக்கரைகளில் இதற்காகக் கைதானவர்கள் உண்டு. கையில் இருப்பது விளையாட்டுக் கருவி என்ற எண்ணம் நழுவும்போது முதலில் சாவது பறவைகள்தான் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் மாறினால் ஆசையும் மாறும்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி ஆர்வம் வேறு திசையிலிருந்து வருகிறது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்போரில் 72 விழுக்காட்டினர் தற்காப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். விளையாட்டை அப்படிச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டினர். அங்கே பலர் பயத்தினால் துப்பாக்கியை வாங்கி, வாங்கியதைப் பழகுவதற்காக ரேஞ்சுக்குப் போகிறார்கள். இங்கே ரேஞ்சில் பழகி, புள்ளிகளைச் சேர்த்து, போட்டிகளில் தகுதி பெற்ற பிறகுதான் ஒரு விளையாட்டு வீரருக்குச் சொந்தச் சுடுபடைக்கலம் பற்றிய பேச்சே வருகிறது.

பிரிட்டன் மறுமுனை. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் ஒருவன் கைத்துப்பாக்கிகளால் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். அவன் அவற்றை உரிமத்துடன்தான் வைத்திருந்தான். அடுத்த ஆண்டே பிரிட்டன் பெருநிலப்பரப்பில் .22 பிஸ்டல் உட்படக் கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முழுவதும் தடை செய்யப்பட்டன. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் பிஸ்டல் போட்டிகளையே தனி விலக்கு அளித்து நடத்த வேண்டியிருந்தது. அந்தத் தடையால் விளையாட்டு இழந்தது நிறைய. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் ஊரின் முன் அந்த இழப்பை எடுத்துப் பேசுவது கடினம்.

ரேஞ்சுக்குப் போகும் முன்

இந்தியாவில் இவ்விளையாட்டை நடத்துவது 1951இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம். மாநிலச் சங்கத்துடன் இணைந்த கிளப்பில் சேர்வது முதல் படி. மாநிலப் போட்டி, அதன்பின் மாவலங்கர் போட்டி போன்ற தகுதிச் சுற்றுகள், பிறகு தேசியப் போட்டி. மொரினி, ஸ்டெயர், வால்தர் போன்ற அயல்நாட்டு ஏர் பிஸ்டல்களின் விலை லட்சங்களில் இருப்பதால், முதல் ஆறு மாதமாவது கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகுவது நல்லது. பிடி கைக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்பதால், வளரும் பிள்ளைக்கு அவசரப்பட்டு வாங்கினால் பணம் வீணாகும்.

பெற்றோர் ஒரு ரேஞ்சின் தரத்தை அறிய, அங்கே வாங்கிய பதக்கங்களை எண்ண வேண்டியதில்லை. கீழ்க்காண்பவற்றைப் பார்த்தால் போதும்.

1. எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதாகவே கருதப்படுகிறதா? காலியாக இருக்கிறது என்று தெரிந்தாலும் குழல்முனை இலக்கின் திசையை விட்டு விலகக் கூடாது.

2. குறிபார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே நிற்கிறதா?

3. சுடாத நேரத்தில், குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு செருகப்பட்டிருக்கிறதா? கயிற்றின் ஒரு நுனி குழல்முனையில் தெரிந்தால், உள்ளே குண்டு இல்லை என்பது பத்தடி தொலைவிலிருந்தே விளங்கும்.

4. ஈயப் பெல்லட்டைத் தொட்ட பிள்ளைகள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா?

சொந்தமாக வாங்கியபின் அது வீட்டில் பூட்டப்பட்ட பெட்டியில், பெல்லட்டிலிருந்து தனியாக, சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும். .22 பிஸ்டலுக்கு இது பல மடங்கு பொருந்தும். வீட்டில் எளிதாக எட்டும் இடத்தில் சுடுபடைக்கலம் இருப்பது, மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் வீட்டாரின் உயிருக்கே ஆபத்தாகிறது என்பதை வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

நல்ல ரேஞ்சில் முதல் நாள் பெல்லட்டே தர மாட்டார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி, முன்குறியைப் பிளவின் நடுவே நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தி, காலித் துப்பாக்கியின் க்ளிக் சத்தம் வரும்போது முன்குறி அசைந்ததா என்று பார்க்கச் சொல்வார்கள். அசைந்திருக்கும். கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி உயர்த்தச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் இப்படியே போனபின், நாளைக்கும் வரலாமா என்று அந்தப் பிள்ளையே கேட்டால், பெற்றோர் அடுத்த மாதக் கட்டணத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கலாம்.